பழைய புல்லட், ஜாவா பாகங்களில் பளபளப்பு கெட்டால்: குரோமா, பாலிஷா?

பழைய வண்டியைப் பிரித்துப் போட்டதும், மின்ன வேண்டிய பாகங்களையெல்லாம் ஒரே சாக்கில் கட்டி முலாம் பட்டறைக்கு அனுப்புகிறார்கள். பாதிக் கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. 1955 முதல் சென்னையில் உருவான புல்லட்டாகட்டும், 1961 முதல் மைசூரில் உருவான ஜாவாவாகட்டும், மின்னும் பாகங்கள் இரண்டு வகை. ரிம், ஹேண்டில்பார், சைலன்சர், பெண்டு பைப் (இன்ஜினிலிருந்து சைலன்சருக்குப் போகும் வளைந்த குழாய்), ஹெட்லைட் வளையம் ஆகியவை இரும்பு, அவற்றுக்குக் குரோம். டைமிங் கவர், பிரைமரி செயின் கவர், கியர்பாக்ஸ் கவர், பிரேக் பிளேட் ஆகியவை அலுமினிய வார்ப்பு, அவற்றுக்கு பாலிஷ். அலுமினிய வார்ப்பில் குரோம் ஏற்றவே கூடாது என்பது இதை எழுதுபவர்களின் உறுதியான கருத்து. காரணம் கீழே வருகிறது.

எந்த உலோகம், மேலே என்ன பூச்சு?

மருந்து தேடுவதற்கு முன் இதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். காந்தத்தை வையுங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு. ஒட்டாவிட்டால் அலுமினியம், பித்தளை, துத்தநாக வார்ப்பு, ஒட்டாத வகை எவர்சில்வர் ஆகிய நான்கில் ஒன்று. கையில் தூக்கிப் பார்த்தாலே அலுமினியத்தின் லேசு தெரிந்துவிடும். பழைய ஆங்கிலேய ஹெட்லைட் வளையங்கள் பல பித்தளை. பின்பக்கம் சுரண்டினால் மஞ்சள் தெரியும். பழைய அமால் கார்பரேட்டர் உடம்பு துத்தநாக வார்ப்பு. அதை எந்த அமிலத்திலும் போடாதீர்கள், பஃப் சக்கரத்திலும் (பாலிஷ் போடச் சுழலும் சக்கரம்) அழுத்திச் சூடாக்காதீர்கள்.

அடுத்தது மேல்பூச்சு. பகல் வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குரோம் லேசாக நீலம் அடிக்கும். நிக்கல் இளமஞ்சள் காட்டும். பாலிஷ் போட்ட அலுமினியம் வெள்ளி போல வெளுத்து, சற்றே மென்மையாகத் தெரியும். அலுமினியத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத பூச்சு இருக்கிறதா என்று பார்க்க மல்டிமீட்டர் போதும். இரண்டு முனைகளையும் கீறாமல் மெல்லத் தொட்டு வையுங்கள். மின்சாரம் பாயவில்லை என்றால் மேலே லேக்கரோ (வார்னிஷ் போன்ற நிறமில்லாப் பூச்சு) அனோடைசிங்கோ (மின்சாரத்தால் தடிமனாக்கிய ஆக்சைடு படலம்) இருக்கிறது. ஒரு சொட்டு தின்னர் வைத்து ஒரு நிமிடம் கழித்துத் தேய்த்தால் பிசுபிசுப்பது லேக்கர்; அசையாமல் இருப்பது பெரும்பாலும் அனோடைசிங். அசல் அலுமினிய ரிம்களில் இந்த அனோடைசிங் அதிகம்.

குரோம் போட்ட கவரில் கொப்புளம். குத்தினால் வெள்ளை மாவு உதிர்கிறது

இது அலுமினியத்தின் மேல் ஏற்றிய குரோம். ஒரு மழைக்காலம் தாங்கினாலே பெரிது.

காற்று பட்ட கணமே அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படலம் மூடிக்கொள்ளும். முலாம் அதன் மேல் பிடிக்காது. அதனால் பட்டறையில் அந்தப் படலத்தை எடுத்து, துத்தநாகக் கரைசலில் முக்கி மெல்லிய துத்தநாகத் தோல் ஏற்றுவார்கள். சரியாகச் செய்பவர்கள் அந்த முதல் தோலை நைட்ரிக் அமிலத்தில் கழற்றிவிட்டு இரண்டாம் முறை ஏற்றுவார்கள். அதன் பிறகுதான் செம்பு, நிக்கல், கடைசியாகக் குரோம். இரும்புக்குப் போடும் அதே தொட்டிகளில் அலுமினியத்தையும் முக்கி எடுத்தால் ஒட்டியது போலத் தெரியும், பிறகு கழன்றுவிடும்.

இரண்டு முறை துத்தநாகம் ஏற்றி ஒழுங்காகச் செய்தாலும் இன்ஜின் கவரில் மூன்று தொல்லைகள் மிச்சம் இருக்கும். வார்ப்பின் நுண்துளைகளில் முப்பது நாற்பது வருட ஆயில் ஊறியிருக்கும். தொட்டி அமிலமும் அதே துளைகளில் தங்கும். இன்ஜின் சூடானதும் இரண்டும் வெளியே தள்ளும். அடுத்தது விரிவு. 150 மி.மீ. நீளமுள்ள கவர் 80 டிகிரி சூடேறினால் அலுமினியம் ஏறத்தாழ 0.28 மி.மீ. நீளும், அதன் மேல் உள்ள நிக்கல் 0.16 மி.மீ. மட்டுமே நீள விரும்பும். ஒவ்வொரு ஓட்டத்திலும் இந்த இழுபறி நடக்கிறது. மூன்றாவதுதான் கொடுமையானது. ஓர் ஊசிமுனைத் துளை வழியாக ஈரம் இறங்கினால் நிக்கலும் அலுமினியமும் சேர்ந்து பேட்டரி போல வேலை செய்யும். அதில் கரைவது அலுமினியம்தான். இரும்பில் ஒரு சிவப்புப் புள்ளியோடு நிற்கும் சேதம், இங்கே முலாமுக்கு அடியில் பக்கவாட்டில் அரித்துக்கொண்டே போகும். நீங்கள் குத்தியதும் உதிர்ந்த மாவு அப்படிக் கரைந்த கவர்தான்.

கொப்புளத்தை மட்டும் சுரண்டி ஒட்டுப்போட வழியில்லை. முழுவதும் கழற்ற வேண்டும். பட்டறையில் கொடுக்கும்போது “இது அலுமினியம்” என்று வாயால் சொல்லி, சாக்பீஸால் எழுதியும் கொடுங்கள். இரும்பிலிருந்து குரோமைக் கழற்றும் காஸ்டிக் சோடாத் தொட்டியில் போட்டால் கவரையே தின்றுவிடும். நிக்கலையும் செம்பையும் கரைத்து அலுமினியத்தைப் பெரும்பாலும் விட்டுவைப்பது அடர்த்தியான நைட்ரிக் அமிலம். அதில் தண்ணீர் சேரச் சேர அலுமினியத்தையும் கடிக்கத் தொடங்கும். அப்போது கிளம்பும் செம்பழுப்புப் புகை நுரையீரலைக் கெடுக்கும். ஆகவே இது வீட்டு வாசலில் செய்கிற வேலை இல்லை. கழற்றி வந்த கவர் அம்மைத் தழும்பு போல இருந்தால் மனம் உடைய வேண்டாம். ஆழம் குறைந்த குழிகளைத் தேய்த்தே எடுத்துவிடலாம். அதற்குக் கீழே பாலிஷ் பகுதியைப் பாருங்கள்.

ரிம்மிலும் ஹேண்டில்பாரிலும் செம்புள்ளிகள்

குரோம் துருப்பிடிக்காது என்பது உண்மைதான். ஆனால் மேலே உள்ள குரோம் கால் மைக்ரானிலிருந்து அரை மைக்ரான் பருமன்தான் இருக்கும், அதிலும் நுண்வெடிப்புகள் உண்டு. ஈரத்தைத் தடுப்பது அடியில் உள்ள நிக்கல். வெயிலிலும் மழையிலும் ஓடும் வண்டிக்கு நிக்கல் 30 மைக்ரானாவது வேண்டும். அது தலைமுடியின் பருமனில் பாதிகூட இல்லை. ஆனாலும் விலை குறைத்துப் போடும் இடங்களில் அதிலும் கைவைப்பார்கள்.

புள்ளி மேலாக இருந்தால் சாப்பாடு மடிக்கும் அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். அலுமினியம் குரோமைவிட மிருது, கீறல் விழாது. துரு மட்டும் எடுபடும். துடைத்துக் காயவைத்து உடனே மெழுகு பூசுங்கள். விரல் நகத்தை ஓட்டினால் தட்டுப்படும் மேடு என்றால் துரு அடியில் புகுந்துவிட்டது; இனி மறுமுலாம்தான். கழற்றி எடுத்த சின்ன இரும்புப் பாகங்களை லிட்டருக்கு 50 கிராம் ஆக்சாலிக் அமிலம் கலந்த தண்ணீரில் சில மணி நேரம் ஊறவைக்கலாம். அது விஷம், கையுறை வேண்டும், குழந்தைகள் எட்டாத இடம் வேண்டும். பாத்ரூம் ஆசிட் மட்டும் வேண்டவே வேண்டாம். அது குரோமையே கரைக்கும்.

புதுக் குரோம், ஆனால் பார்வை சரியில்லை

பழைய குழிகளும் எமரிக் கோடுகளும் அப்படியே தெரிகின்றன என்றால் பழி தொட்டியின் மேல் இல்லை. குரோம் எதையும் மறைக்காது. அடியில் உள்ளதைப் பிரதி எடுக்கும். குழியை நிரப்பும் சக்தி செம்புக்குத்தான் உண்டு. செம்பைத் தடிமனாக ஏற்றி, பஃப் அடித்துச் சமப்படுத்தி, வேண்டுமானால் மறுபடி ஏற்றி, அதன் பிறகு நிக்கலுக்குப் போக வேண்டும். பட்டறையில் பேசும்போதே “செம்பு ஏற்றி பஃப் அடித்து” என்று கேட்டு வாங்குங்கள். முடிந்தால் செம்பு நிறத்தில் இருக்கும்போதே நேரில் போய் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அந்த நிலையில் தெரியும் குழி கடைசியிலும் தெரியும்.

மூலையிலும் பள்ளத்திலும் மஞ்சளாக இருக்கிறதா? அது நிக்கல், அங்கே குரோம் ஏறவில்லை. குரோம் தொட்டியில் மின்சாரம் பள்ளத்துக்குள் எளிதில் எட்டாது. உள்ளே ஒரு துணை மின்முனை வைக்க வேண்டும். விளிம்பு மட்டும் சாம்பல் நிறமாகச் சொரசொரத்தால் அங்கே மின்சாரம் அதிகமாகப் பாய்ந்து கருகியிருக்கிறது.

ஏடு உரிந்தால் உரிந்த ஏட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். குரோம் மட்டும் உரிந்து கீழே பளபளக்கும் நிக்கல் நின்றால், நிக்கல் தொட்டியிலிருந்து குரோம் தொட்டிக்குப் போவதற்குள் நிக்கல் மேல்தோல் இறுகிவிட்டது. தாமதமோ மின்தடையோ காரணம். எல்லா அடுக்கும் சேர்ந்து உரிந்து வெறும் இரும்பு தெரிந்தால் சுத்தம் போதவில்லை, கிரீஸ் மிச்சம் இருந்திருக்கிறது.

குரோமுக்குப் பின் நட்டு ஏறவில்லை, பேரிங் இறங்கவில்லை, ஸ்பிரிங் ஒடிந்தது

மரையில் முலாம் ஏறினால் பொருத்தும் விட்டத்தில் அது நான்கு மடங்காகத் தெரியும். 25 மைக்ரான் ஏறினால் 0.1 மி.மீ. நட்டு சிக்கிக்கொள்ள அது தாராளம். மரை, ஆக்சில் துளை, பேரிங் உட்காரும் இடம் மூன்றையும் மூடி அனுப்ப வேண்டும். ஏற்கெனவே ஏறிவிட்டதென்றால் அதே மரையின் டையை (மரை வெட்டும் கருவி) ஆயில் விட்டு மெல்ல ஓட்டுங்கள். பேரிங்கை மட்டும் சுத்தியலால் இறக்காதீர்கள்.

ஸ்பிரிங் ஒடிவது வேறு விஷயம். அமிலத்திலும் முலாம் தொட்டியிலும் கிளம்பும் ஹைட்ரஜன் கடினமான இரும்புக்குள் புகுந்து அதை நொறுங்க வைக்கும். பழைய ஒற்றை சீட்டின் ஸ்பிரிங், ஸ்போக்ஸ், அதிக பலமுள்ள போல்டு ஆகியவற்றை முலாம் முடிந்த 4 மணி நேரத்துக்குள் 190 முதல் 220 டிகிரி சூட்டில் குறைந்தது 4 மணி நேரம் வைத்து எடுக்க வேண்டும். அந்த அடுப்பு வசதி இல்லாத பட்டறையில் இவற்றைக் கொடுக்காதீர்கள். ஸ்போக்ஸுக்கு எவர்சில்வர் வாங்கிப் போடுவது நல்லது.

பெண்டு பைப் மஞ்சளாகி நீலமாகிறது

முலாம் கெட்டதல்ல, சூடு அதிகம். பெட்ரோல் குறைந்த கலவை, தாமதமான இக்னிஷன் டைமிங், பைப் இணைப்பில் காற்று உறிஞ்சுதல் ஆகிய மூன்றையும் சரிபார்த்த பிறகே புதுப் பைப் மாட்டுங்கள். முதல் முறை ஸ்டார்ட் செய்து, நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் டியூனிங் பார்த்தால் புதுப் பைப்பும் அன்றே நீலமாகும். டியூனிங்கைப் பழைய பைப்பில் முடித்துக்கொள்ளுங்கள்.

அலுமினியம்: எவ்வளவு தேய்த்தாலும் பாலிஷ் ஏறவில்லை

மேலே லேக்கரோ அனோடைசிங்கோ இருக்கிறது. லேக்கர் பழசானால் மஞ்சளடித்து, அடியில் புழு ஊர்ந்த தடம் போல வெள்ளைக் கோடுகள் ஓடும். பெயிண்ட் ரிமூவர் தடவி, பிளாஸ்டிக் தாளால் மூடி இருபது நிமிடம் விட்டால் உரிந்து வந்துவிடும். கம்பி பிரஷ் வேண்டாம்.

அனோடைசிங் அலுமினியத்தைவிடப் பல மடங்கு கடினம். அதைத் தேய்த்து எடுக்க நினைத்தால் எமரி பேப்பர்தான் தீரும். லிட்டருக்கு 50 கிராம் காஸ்டிக் சோடா கலந்த தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம், கண்ணெடுக்காமல். குமிழி சீராகக் கிளம்பத் தொடங்கினால் படலம் போய் உலோகத்தைத் தொட்டுவிட்டது. உடனே எடுத்து நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். மேலே ஒட்டும் கரி போன்ற கறுப்பு தேய்க்கும்போது போய்விடும். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் இல்லாமல் தொடக்கூடாத வேலை இது. திறந்தவெளியில் செய்யுங்கள், பக்கத்தில் நெருப்பு இருக்கக் கூடாது; கிளம்புவது ஹைட்ரஜன்.

அலுமினியம்: பாலிஷ் ஏறியது, ஆனால் கோடு, கறை, வால், ஊசித்துளை

ஒரு டைமிங் கவரைக் கையில் எடுத்துக்கொள்வோம். மண்ணெண்ணெயில் கழுவி, சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்து, உட்பக்க ஆயில் துளைகள் அத்தனையையும் ரப்பரோ தக்கையோ வைத்து அடையுங்கள். 180 நம்பர் பேப்பர் குழி உள்ள இடத்துக்கு மட்டும். பிறகு கவர் முழுக்க 240, 320, 400, 600. 320-லிருந்து வாட்டர் பேப்பர், தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திர சோப்பு. ஒவ்வொரு நம்பரையும் முந்தைய நம்பருக்குக் குறுக்கே இழுக்க வேண்டும். அப்போதுதான் பழைய கோடு போனதா இல்லையா என்பது தெரியும். அவசரப்பட்டு ஒரு நம்பரைத் தாண்டினால் அந்தக் கோடு பஃப் அடித்த பிறகு வெயிலில் எட்டிப் பார்க்கும்; திரும்ப 320-க்குப் போவதைத் தவிர வழியில்லை.

பஃப் மோட்டார் 1 எச்.பி., 2,880 சுற்று, 8 அங்குலச் சக்கரம். விளிம்பின் வேகம் நிமிடத்துக்கு 6,000 அடிக்கு மேல் வரும், அலுமினியத்துக்கு அது சரி. 6 அங்குலச் சக்கரத்தில் அதே மோட்டார் ஏறத்தாழ 4,500 அடிதான் தரும்; பளபளப்பு வர நேரம் பிடிக்கும். முதலில் கற்றாழை நார்ச் சக்கரமும் பழுப்பு பஃப் கட்டியும் (சக்கரத்தில் தேய்த்து ஏற்றும் பாலிஷ் மெழுகு), அது வெட்டும். அடுத்து தளர்வான பருத்தித் துணிச் சக்கரமும் வெள்ளைக் கட்டியும். அது மின்ன வைக்கும். ஒரு சக்கரத்துக்கு ஒரே கட்டி. மாற்றித் தொட்டால் வெள்ளைச் சக்கரமும் கீறத் தொடங்கும்.

கவரில் தார் பூசியது போலக் கறுப்புக் கோடு விழுகிறதென்றால் கட்டியை அதிகம் ஏற்றிவிட்டீர்கள். ஓடும் சக்கரத்தில் கட்டியை இரண்டு விநாடி தொட்டால் போதும். சக்கரம் இறுகியிருந்தால் பழைய ஹாக்ஸா பிளேடின் பல்லால் சீவிவிடுங்கள். கறுப்பு ஒட்டிக்கொண்டால் டால்கம் பவுடர் தூவி மென்துணியால் துடையுங்கள். மெழுகைப் பவுடர் இழுத்துக்கொள்ளும்.

போல்டு துளைக்குப் பக்கத்தில் வால்நட்சத்திரம் போலக் கோடு நீண்டால், ஒரே திசையில் அழுத்தியிருக்கிறீர்கள். துளையைச் சுற்றிக் கவரைத் திருப்பித் திருப்பிக் காட்ட வேண்டும். மேற்பரப்பு தண்ணீர் அலை போல நெளிந்தால் பேப்பரை வெறும் விரலால் பிடித்துத் தேய்த்ததன் விளைவு. தட்டையான இடத்துக்கு ரப்பர் கட்டை வைத்துக்கொள்ளுங்கள். கவரின் மேல் புடைத்து நிற்கும் எழுத்தை மட்டும் சக்கரத்தில் காட்டவே காட்டாதீர்கள். பத்து விநாடியில் மொட்டையாகும், திரும்ப வராது. மூங்கில் குச்சியில் பேப்பரைச் சுற்றிக் கையால்தான் செய்ய வேண்டும்.

தேய்க்கத் தேய்க்க ஊசித்துளைகள் கூடுகின்றனவா? உடனே நிறுத்துங்கள். வார்ப்பின் மேல்தோல் இறுக்கமானது. அதற்கு அடியில்தான் காற்றுக் குமிழிகள் இருக்கும். ஆழமாகப் போகப் போக அவை திறந்துகொண்டே வரும். ஒன்றிரண்டு ஆழமான குழிகளை அப்படியே விட்டுவிடுவது கவரைச் சல்லடையாக்குவதைவிட மேல். ஆர்கான் வெல்டிங்கில் நிரப்பலாம். ஆனால் ஆயில் ஊறிய வார்ப்பு குமிழி விடும், நிரப்பிய இடம் பாலிஷுக்குப் பிறகும் ஒரு சாயல் மாறித் தெரியும்.

பாதுகாப்பைப் பற்றி ஒரு வார்த்தை. சக்கரத்தின் நடுவுக்குக் கீழேதான் கவரைப் பிடிக்க வேண்டும்; மேல் விளிம்பில் மாட்டினால் பிடுங்கி எறியும். தொளதொளத்த சட்டைக் கை, துணிக் கையுறை கூடாது. அலுமினியத் தூசு தீப்பிடிக்கும். இரும்பு சாணை பிடிக்கும் அதே இடத்தில், பொறி பறக்க, இந்த வேலை வேண்டாம்.

பாலிஷ் போட்ட கவரில் ஆயில் கசிவு. அல்லது மாட்டியதும் இன்ஜின் தட்டுகிறது

கசிவு என்றால் பஃப் சக்கரம் கேஸ்கெட் விளிம்பை உருட்டிவிட்டிருக்கும். 5 மி.மீ. கண்ணாடியின் மேல் 400 பேப்பரை ஒட்டி, ஆயில் விட்டு, கவரை எட்டு போட்டுத் தேயுங்கள். பத்துச் சுற்று முடிந்ததும் எடுத்துப் பாருங்கள். பேப்பர் படாத திட்டு எங்கே இருக்கிறதோ அங்கே பள்ளம். விளிம்பு முழுக்க ஒரே நிறம் வந்ததும் நிறுத்துங்கள். சிலிக்கான் பேஸ்ட்டை அப்பி மூடப் பார்க்காதீர்கள், பிதுங்கியது ஆயில் துளைக்குள் போகும்.

தட்டல் என்றால் உடனே இன்ஜினை நிறுத்துங்கள். பழைய புல்லட்டில் இரண்டு ஆயில் பம்புகளும் பில்டரும் டைமிங் கவரில்தான் இருக்கின்றன. கிராங்குக்கும் பிக் எண்டுக்கும் (கனெக்டிங் ராடு கிராங்கில் சேரும் முனை) ஆயில் போகும் வழியும் இந்தக் கவருக்குள்ளேயே ஓடுகிறது. பஃப் கட்டி என்பது மெழுகில் குழைத்த அரைப்பான் தூள். ஒரு துளையில் பட்டாணி அளவு தங்கினாலும், சூடான ஆயிலில் கரைந்து நேராக பிக் எண்டு புஷ்ஷுக்குப் போகும். ஆகவே பாலிஷ் முடிந்ததும் அடைப்புகளை எடுத்து, பம்புகளும் பில்டரும் இல்லாத நிலையில், கொதிக்கும் சோப்புத் தண்ணீரில் கவரை மூழ்க வையுங்கள். மெழுகு சூட்டில்தான் இளகும். மண்ணெண்ணெய் மட்டும் போதாது. குழாய் கழுவும் மெல்லிய பிரஷை ஒவ்வொரு வழியிலும் விட்டு இழுத்து, காற்றடித்து, கடைசியில் ஒரு முனையில் சுத்தமான ஆயிலை ஊற்றி மறு முனையில் வெள்ளைத் துணியில் பிடியுங்கள். துணியில் சாம்பல் நிறம் தெரிந்தால் மறுபடி முதலிலிருந்து. கிராங்க் முனையில் உட்காரும் கார்க் சீலைப் பழையதாக மாட்டாதீர்கள். மலிவான பாகம், ஆனால் ஆயில் அழுத்தம் அதை நம்பித்தான் இருக்கிறது.

கண்ணாடி போல இருந்தது, சில வாரத்தில் மங்கிவிட்டது

வெறும் அலுமினியத்தின் இயல்பு அது. கடலோர ஊர்களில் உப்புக் காற்றால் இன்னும் சீக்கிரம் வெள்ளைப் பூக்கும். நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து மாதம் ஒருமுறை மெழுகு பூசினால் போதும். பூத்துவிட்டால் அலுமினியத்துக்கான மெட்டல் பாலிஷைத் துணியில் எடுத்துக் கையால் பத்து நிமிடம். இந்தப் பத்து நிமிடம் பிடிக்காமல்தான் பலர் குரோமுக்குப் போகிறார்கள். மேலே லேக்கர் அடித்துத் தப்பிக்கலாம் என்றால் கண்ணாடி போன்ற பரப்பில் அது பிடிப்பதில்லை. ஒரு கல் தெறித்த இடத்தில் ஈரம் புகுந்து மறுபடி புழுத் தடம் வரும்.

வாட்டர் சர்வீஸ் விட்டு வந்ததும் கவர் திட்டுத் திட்டாகக் கறுத்திருந்தால் காரமான நுரை பட்டிருக்கிறது. சலவை சோடாவும் அதைத்தான் செய்யும். புளி, எலுமிச்சை, பாத்திரம் தேய்க்கும் பவுடர் எதையும் தேடி ஓடாதீர்கள். பித்தளைக்கு உள்ள வைத்தியம் இதற்கு ஆகாது. கறுப்பு மேலாக இருந்தால் மெட்டல் பாலிஷில் போகும், போகாவிட்டால் 600 வாட்டர் பேப்பரில் ஆரம்பித்து வெள்ளைக் கட்டியில் முடியுங்கள். அடுத்த முறை சர்வீஸ் விடும்போது இன்ஜின் பக்கம் வெறும் தண்ணீரும் சாதாரண ஷாம்பும் மட்டும் போதும் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.